ஜன்னலோரத்தில் ஒரு பூ

எங்கள் வீட்டில் மாலைச் செபம் சொல்லும் இடத்திற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிறிய புகைப்படம் மாட்டியிருக்கிறோம். ஓர் எவர்சில்வர் டம்ளர். அதில் மூன்று நந்தியாவட்டைப் பூக்கள். பின்னால் கம்பி போட்ட ஜன்னல். அவ்வளவுதான் படம். வீட்டுக்கு வருகிறவர்கள், "இதை ஏன் மாட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. "எங்கள் அத்தையின் அடக்கத்திற்கு நாங்கள் கொண்டுபோக முடியாத பூ இது" என்று சொல்வோம்.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் 19ஆம் தேதி முதல் மீண்டும் முழு ஊரடங்கு போட்டிருந்தார்கள். அந்த நாட்களில்தான் அத்தை கொரோனா தொற்றால் இறந்துபோனார். நாங்கள் இருந்ததோ வேறு மாவட்டம். இ-பாஸ் கேட்டு விண்ணப்பித்து, அது கைக்கு வருமுன்பே அடக்கம் முடிந்துவிட்டது. செல்பேசியில்தான் பார்த்தோம். உடல் முழுக்கப் பாதுகாப்பு உடை அணிந்த நான்கு பேர், சற்றுத் தள்ளி நின்று செபம் சொன்ன குருவானவர், கல்லறை வாசலில் அத்தையின் மகன். ஒரு மாலை இல்லை, ஒரு முழம் பூ இல்லை. ஐம்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பங்குக் கோவில் பீடத்துக்குப் பூத் தொடுத்துக் கொடுத்தவர் அவர்!

அன்று மாலை வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. எங்கள் கடைசி மகள் கொல்லைப்புறம் போய், அத்தை பதியன் போட்டுக் கொடுத்த செடியிலிருந்து மூன்று பூக்களைப் பறித்துவந்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஜன்னலோரம் வைத்து, செல்பேசியில் ஒரு படம் எடுத்தாள். உறவினர்களுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. சற்று நேரத்தில் மதுரையிலிருந்து ஒரு செம்பருத்திப் பூவின் படம் வந்தது. திருச்சியிலிருந்து ஒரு கொத்துக் கனகாம்பரம். இரவு நெடுநேரம் கழித்து, அத்தையின் மகனிடமிருந்து ஒரு படம் வந்தது: அத்தை கடைசியாகப் பூத் தொடுத்த நூல்கண்டு. அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு அழுகை வந்தது.

எதையோ செய்ய வேண்டும் என்ற தவிப்பில் ஒரு பிள்ளை செய்த காரியம் அது. ஆனால் பூவையும் பாத்திரத்தையும் வைத்து மனத்தில் உள்ளதைச் சொல்லும் இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதையும், அதே மாதங்களில் உலகின் பல மூலைகளில் இப்படி எத்தனையோ பேர் செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பின்னர் படித்தறிந்தோம். அதைப் பகிர்ந்துகொள்ளவே இந்தச் சிந்தனை.

சொல் வராத நாட்கள்

அந்த நாட்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 2020 பிப்ரவரி மாதம் மூன்றாம் வாரத்தில் இத்தாலியின் வடபகுதியில், லொம்பார்தியா மாநிலத்தின் கொதோஞ்ஞோ என்ற சிற்றூரில் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச் 8ஆம் தேதி அந்த மாநிலம் முழுவதும் அடைக்கப்பட்டது. இரண்டே நாட்களில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. திருப்பலிகள் மட்டுமல்ல, அடக்கச் சடங்குகளும் நிறுத்தப்பட்டன. பெர்கமோ நகரத்து நாளிதழில் இரங்கல் அறிவிப்புகள் மட்டும் பத்துப் பக்கங்களுக்கு வந்தன. மார்ச் 18ஆம் தேதி இரவு, இடமில்லாத அந்த நகரத்திலிருந்து சவப்பெட்டிகளை இராணுவ வண்டிகள் வரிசையாக ஏற்றிச் சென்ற காட்சியை உலகமே பார்த்தது. மார்ச் 27ஆம் தேதி மாலை, மழை பெய்துகொண்டிருந்த வெறிச்சோடிய புனித பேதுரு வளாகத்தில், இன்று நம்மோடு இல்லாத திருத்தந்தை பிரான்சிஸ் தன்னந்தனியாக நடந்துசென்று உலகுக்காகச் செபித்ததையும் நாம் மறக்க முடியாது.

நமது நாட்டில் மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், புனித வெள்ளி, உயிர்ப்புப் பெருவிழா எல்லாமே வீட்டுக்குள்தான். அடக்கத்திற்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி வந்தது.

அப்போது நம் மனத்தில் என்னென்ன இருந்தன? பயம் இருந்தது. கோபம் இருந்தது. சலிப்பு இருந்தது. நாம் மட்டும் நன்றாக இருக்கிறோமே என்ற குற்ற உணர்வு இருந்தது. போய்ப் பார்க்க முடியாமல் போன முகங்கள் இருந்தன. இவற்றையெல்லாம் சொல்ல வார்த்தை இருந்ததா? "எப்படி இருக்கிறீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டால், "இருக்கிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். துக்கம் என்பது நம்மிடையே தனியாக அனுபவிப்பதல்ல. ஊர் கூடி அழுவதற்கும், மாலை போடுவதற்கும், பெட்டியைச் சுமப்பதற்கும், மண் தள்ளுவதற்கும் முறைகள் இருக்கின்றன. அந்த முறைகள் எல்லாம் ஒரே நாளில் பறிபோனபோது, துக்கம் போக வழியில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஒரே கலைக்கு இரண்டு பெயர்கள்

பூ, பழம், பாத்திரம், புத்தகம் போன்ற அசையாப் பொருட்களை மேசைமேல் வைத்து வரைவதோ படம் எடுப்பதோ மேலை நாட்டுக் கலையில் தனி வகை. ஆங்கிலத்தில் அதை ஸ்டில் லைஃப் என்கிறார்கள். அந்தச் சொல் டச்சு மொழியின் ஸ்டில்லேவன் என்ற சொல்லிலிருந்து வந்தது. அசையாமல் இருக்கும் உயிர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் இதே வகையை இத்தாலிய மொழியில் நத்தூரா மோர்த்தா என்கிறார்கள். இறந்த இயற்கை என்று பொருள். பிரெஞ்சு மொழியிலும் அப்படித்தான்.

மேசைமேல் இருப்பது ஒரே பூதான். ஒருவர் அதை அசையாத உயிர் என்கிறார், இன்னொருவர் இறந்துபோன இயற்கை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதானே! பறித்த பூ இறந்துகொண்டிருக்கிறது. ஆயினும் தண்ணீரில் இருக்கும்வரை அது நிறத்தோடும் மணத்தோடும் இருக்கிறது.

ஊரடங்கில் நம் வீடுகளும் அப்படித்தான் இருந்தன. வெளியே அசைவே இல்லை. பேருந்து ஓடவில்லை, பள்ளி மணி அடிக்கவில்லை, கோவில் மணி அடித்தாலும் போக முடியவில்லை. இது வாழ்வா, சாவா என்ற கேள்வி பலர் மனத்தில் எழுந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பூவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கேள்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.

கர்தினாலின் அறையில் பூக்கள்

பூக்களை மட்டுமே வரையும் ஓவியத்தை ஆதரித்து வளர்த்தவர்களில் ஒரு கர்தினாலும் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கர்தினால் பெதெரிகோ பொரோமேயோ 1595 முதல் 1631 வரை மிலான் நகரப் பேராயராக இருந்தவர். 1576ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மக்களோடு நின்ற புனித சார்லஸ் பொரோமேயோவுக்கு உறவினர். மிலானில் 1609இல் அம்ப்ரோசியானா நூலகத்தைத் திறந்தவரும், பின்னர் 1618இல் தம்மிடமிருந்த ஓவியங்களை அந்நிறுவனத்திற்கே கொடுத்தவரும் இவர்தான்.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் வாழ்ந்த யான் புரூகல் என்ற ஓவியர் அவருக்காக 1606இல் ஒரு பூச்சாடியை வரைந்தார். ஒரே சாடியில் எத்தனையோ வகைப் பூக்கள். வெவ்வேறு மாதங்களில் பூப்பவை! ஒவ்வொன்றையும் உயிருள்ள பூவைப் பார்த்தே வரைய வேண்டும் என்பதால், ஒரு பூ பூக்கும்வரை காத்திருந்து, அதை வரைந்து, அடுத்த பூவுக்காக மீண்டும் காத்திருந்து அந்த ஓவியத்தை முடித்தார். தம் ஊரில் கிடைக்காத பூக்களைத் தேடிப் பிரசல்ஸ் வரை போனதாகக் கர்தினாலுக்குக் கடிதமும் எழுதினார்.

கர்தினால் ஏன் இப்படிப்பட்ட ஓவியங்களை விரும்பினார்? குளிர்காலத்தில் எங்கும் பனி மூடி, வெளியே ஒரு பூவும் இல்லாத நாட்களில், அறையில் இருந்தபடியே வரைந்த பூக்களைப் பார்த்து மகிழ்ந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். வெளியே எல்லாம் உறைந்துபோயிருக்கும்போது, உள்ளே ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு இறைவனின் படைப்பை மறவாமல் இருக்கும் வழியாக இருந்தது.

அதே கர்தினாலின் தொகுப்பில் கரவாஜியோ வரைந்த பழக்கூடை ஓவியம் ஒன்றும் இருந்தது. இன்றும் அது அம்ப்ரோசியானாவில் இருக்கிறது. அதில் உள்ள ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை தெரிகிறது. இலைகள் வாடிச் சுருண்டிருக்கின்றன. அழகை மட்டும் காட்டி அழிவை மறைக்கவில்லை அந்த ஓவியர்.

1630இல் மிலானைக் கொள்ளைநோய் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கர்தினால் நகரத்தை விட்டுப் போகவில்லை. முதலில் தயங்கியபோதும், மக்களின் வேண்டுதலுக்கு இணங்கி ஜூன் மாதத்தில் புனித சார்லஸின் திருவுடலோடு பெரும் பவனி நடத்த அனுமதித்தார். அதற்குப் பிறகு சாவு இன்னும் பெருகியது. கூட்டம் கூடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்று பலர் சரியாக உணர்ந்திருக்கவில்லை. 390 ஆண்டுகளுக்குப் பின் அதே மிலானில், அதே லொம்பார்தியாவில், ஆலயங்கள் மூடப்பட்டபோது அது விசுவாசக் குறைவால் அல்ல, அயலார்மேல் கொண்ட அன்பால்தான் என்பதை இந்த வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

வீட்டுக்குள் இருந்தபடியே எடுத்த படங்கள்

புகைப்படக் கருவி வந்த பிறகு, பூக்களைப் பார்க்கும் இந்தப் பழக்கம் அதிலும் தொடர்ந்தது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாமல் இருந்தவர்கள் எடுத்த படங்கள் அவற்றில் சிறப்பானவை. இருவரை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த இமோஜன் கன்னிங்காம். 1920களில் அவருக்கு மூன்று சிறு மகன்கள். அவர்களில் இருவர் இரட்டையர். பிள்ளைகளை விட்டுத் தொலைவாகப் போக முடியாத நிலையில், தம் தோட்டத்துச் செடிகளைப் படம் எடுத்தார். 1925ஆம் ஆண்டு வாக்கில் அவர் எடுத்த மக்னோலியாப் பூவின் படம் புகைப்பட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பூவின் நடுப்பகுதி மட்டும் படம் முழுவதையும் நிறைக்கிறது. வீட்டில் அடைபட்ட ஒரு தாய், தம் கைக்கு எட்டிய ஒன்றை எவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொருவர் செக் நாட்டின் பிராகா நகரைச் சேர்ந்த யோசப் சூடெக். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய புகைப்படக் கருவிகளைத் தூக்கிச் சுமந்தவர். 1920களில் பிராகாவின் புனித விட்டஸ் பேராலயம் கட்டி முடிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே தூசிக்கும் பலகைகளுக்கும் நடுவே ஒளிக்கற்றைகள் விழுவதைப் படம் எடுத்தவர். 1939இல் ஜெர்மானியப் படைகள் பிராகாவை ஆக்கிரமித்தன. தெருவில் கருவியோடு நிற்பதே ஆபத்து என்றானது. 1940இல் அவர் தம் சிறிய கூடத்தின் ஜன்னலைப் படம் எடுக்கத் தொடங்கினார். பனித்துளி படர்ந்த கண்ணாடி, ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிக் குவளை, சில நாட்களில் அதில் ஒரு ரோஜா, வெளியே மங்கலாகத் தெரியும் வளைந்த மரம். 1954 வரை பதினான்கு ஆண்டுகள் அதே ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்!

அந்தப் படங்களில் ஒரு போர்வீரனும் இல்லை, ஒரு கொடியும் இல்லை. ஆனால் பார்க்கிற நமக்கு, கண்ணாடிக்கு வெளியே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஒருவர் பொறுமையாகக் காத்திருக்கிறார் என்பது புரிகிறது. நேரடியாகச் சொல்ல முடியாததை ஒரு குவளையும் ஒரு பூவும் சொல்லிவிடுகின்றன.

பூக்கள் இருந்தன, வாங்குவோர் இல்லை

2020 மார்ச் மாதத்தில் நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் பூச்சந்தையில், ஏலம் எடுக்க ஆளில்லாமல் ஏராளமான பூக்கள் குப்பையில் கொட்டி அழிக்கப்பட்டன. 1980களிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கென்று புனித பேதுரு வளாகத்தை அலங்கரிக்க அந்த நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பூக்கள் அந்த ஆண்டு வரவில்லை. திருத்தந்தை சிலரோடு மட்டும் பேராலயத்திற்குள் திருப்பலி நிறைவேற்றினார். நமது பக்கத்திலும் தோவாளை, நிலக்கோட்டை போன்ற ஊர்களுக்குப் பூக்களைக் கொண்டுவரும் விவசாயிகள் திருமணமும் திருவிழாவும் இல்லாமல் தவித்தார்கள். பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று மல்லிகையைச் செடியிலேயே விட்டார்கள்.

சந்தையில் விலைபோகாத பூவை மனிதர்கள் வீட்டில் கவனிக்கத் தொடங்கியதும் அதே மாதங்களில்தான். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் தங்கியிருந்த டேவிட் ஹாக்னி என்ற முதிய ஓவியர், தோட்டத்து டாஃபடில் பூக்களைக் கையடக்கத் திரையில் வரைந்து மார்ச் மாதத்திலேயே எல்லாருக்கும் அனுப்பினார். வசந்தத்தை எவரும் நிறுத்திவைக்க முடியாது என்பதே அவர் சொல்ல விரும்பியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகம், வீட்டில் உள்ள பொருட்களைக் கொண்டே புகழ்பெற்ற ஓவியங்களைப் போல அமைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள். காய்கறிக் கூடையும் சாப்பாட்டு மேசையும் பழைய பூச்சாடி ஓவியங்களாக மாறின.

பூவின் படம் எப்படிப் பேசுகிறது?

ஒரு பூவின் படம் உணர்வைச் சொல்கிறது என்றால் அது எப்படி? பூவுக்கு முகம் இல்லை, வாய் இல்லை. ஆனால் படம் எடுக்கிறவர் சில முடிவுகளை எடுக்கிறார். அந்த முடிவுகளில்தான் அவருடைய மனம் வெளிப்படுகிறது.

முதலாவது ஒளி. ஒரே பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் பூவின் ஒரு பாதியைக் காட்டி மறுபாதியை நிழலில் விடும். காலையில் அது நீலம் கலந்து குளிர்ச்சியாக இருக்கும். மாலையில் மஞ்சளாக மாறும். மனம் கனத்திருப்பவர் விளக்கைப் போட்டு எல்லாவற்றையும் பளிச்சென்று காட்ட விரும்புவதில்லை. நிழலை அப்படியே விட்டுவிடுகிறார். எங்கள் மகள் எடுத்த படத்திலும் டம்ளரின் பாதி இருட்டில்தான் இருக்கிறது.

இரண்டாவது வெற்றிடம். படத்தின் ஓரத்தில் ஒரு பூவை வைத்து மீதி இடத்தை வெறுமையாக விட்டால், அங்கே இருக்க வேண்டிய யாரோ இல்லை என்று தோன்றும். பூ படம் முழுவதையும் நிறைத்தால் அந்த உணர்வே வராது. தனிமையைச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை.

மூன்றாவது, பூவோடு வைக்கும் பொருள். ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு செபமாலை, திறக்காத மருந்துப் பட்டை, இரண்டு தேநீர்க் கோப்பைகளில் ஒன்று காலியாக. பூ அழகைச் சொல்லும், பக்கத்தில் உள்ள பொருள் அது யாருக்கான பூ என்பதைச் சொல்லும். அத்தையின் நூல்கண்டு எங்களை அழவைத்தது அதனால்தான்.

நான்காவது காலம். ஒரு பூவை ஒருமுறை படம் எடுத்தால் அது அழகிய படம். அதே பூவை, அதே இடத்தில், நாள்தோறும் எடுத்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. நந்தியாவட்டை மறுநாளே ஓரங்களில் பழுப்பேறியது. மூன்றாம் நாள் ஒரு பூ மேசைமேல் விழுந்தது. ஐந்தாம் நாள் டம்ளரில் தண்ணீரும் காம்புகளும் மட்டும். "வாடிய பூவை ஏன் எடுக்கிறாய்?" என்று மகளிடம் கேட்டோம். "அத்தைக்குப் பக்கத்தில் யாருமே இல்லையே அப்பா, இதுக்காவது கடைசிவரை இருப்போம்" என்றாள். மருத்துவமனையில் அத்தை தனியாகக் கிடந்த பதினொரு நாட்களை அவள் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நோயாளியின் அருகில் விழித்திருப்பதும், இறந்தவரின் அருகில் இரவு முழுவதும் இருப்பதும் நம் மக்களின் வழக்கம். அது கிடைக்காத ஒரு பிள்ளை, அதை ஒரு பூவிடம் செய்தாள். ஊரடங்கில் பூக்களைப் படம் எடுத்த பலருக்கும், தாம் உடனிருக்க முடியாமல் போன ஒருவருக்காக விழித்திருக்கும் வழியாக அது இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆண்டவர் இயேசு மலைப்பொழிவில், கவலையால் வாடும் மக்களிடம் வயல்வெளி மலர்களைக் கவனித்துப் பார்க்கச் சொல்கிறார் (மத் 6:28). பொதுவாக நாம் இதைக் கவலைப்படாதே என்ற அறிவுரையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அவர் முதலில் கேட்பது கவனிப்பதைத்தான். அதே மலர்கள் நாளைக்கே அடுப்பில் எறியப்படும் என்பதையும் அவர் மறைக்கவில்லை (மத் 6:30). திருப்பாடல் 103இன் ஆசிரியரும் மனித வாழ்வைக் காற்றுக்கு நிற்காத வயல்வெளிப் பூவுக்கே ஒப்பிடுகிறார். பூவை முழுமையாகப் பார்ப்பது என்றால் அதன் வாட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது அல்லவா?

மறக்கக்கூடாத மறுபக்கம்

இங்கே இரண்டு உண்மைகளைச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, ஜன்னலும் டம்ளரும் பூச்செடியும் உள்ள வீடு எல்லாருக்கும் வாய்க்கவில்லை. நாம் வீட்டுக்குள் இருந்த அதே நாட்களில், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் வீட்டுக்கே போகாமல் உழைத்தார்கள். அவர்களுக்கு ஊரடங்கு என்பது அமைதியான ஜன்னலோரம் அல்ல. அவர்களை மறந்துவிட்டு ஊரடங்கை அழகான படங்களாக மட்டும் நினைவில் வைப்போமென்றால் அது உண்மையாக இராது.

இரண்டாவது, படம் எடுப்பது மருந்தல்ல. அது அடைபட்ட துக்கத்திற்கு ஒரு வாசலைத் திறக்கலாம், அவ்வளவுதான். தூக்கம் வராமல், உணவு பிடிக்காமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தோடு மாதக்கணக்கில் தவிப்பவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை. அதை நாடுவதில் வெட்கமில்லை. விசுவாசக் குறைவும் இல்லை. அன்று அழாமல் விட்டதை இன்றும் சுமந்துகொண்டிருப்பவர்கள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி பெருந்தொற்று அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆனால் வீடுகளில் அது அதே தேதியில் முடியவில்லை.

கல்லறையில் வைத்த படம்

2020ஆம் ஆண்டு இறந்த விசுவாசிகளின் நாளில் கல்லறைத் தோட்டங்களில் கூட்டம் சேராதிருக்க, இறந்தோருக்கான நிறைபலனை நவம்பர் மாதம் முழுவதும் பெறலாம் என்று திருச்சபை அனுமதித்தது. நாங்கள் அந்த ஆண்டும் சென்னைக்குப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில்தான் அத்தையின் கல்லறை முன் முதன்முறையாக நின்றோம்.

மாலை வாங்கியிருந்தோம். மெழுகுதிரி ஏற்றினோம். மகள் தன் பையிலிருந்து, பிளாஸ்டிக் உறை போட்ட அந்தப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து மாலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அத்தையின் மகன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அன்னிக்கு ராத்திரி இந்தப் படம் வந்தப்பதான் நான் தனியா இல்லன்னு தெரிஞ்சுது மாமா" என்றார். எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னோம்.

அன்பார்ந்தவர்களே, ஒவ்வொரு வீட்டிலும் அந்த நாட்களில் இறந்துபோன யாராவது ஒருவர் இருக்கக்கூடும். உங்கள் செல்பேசியிலும் அந்த மாதங்களில் எடுத்த படம் ஏதாவது இருக்கும். ஒரு பூவாக, ஒரு மரமாக, ஒரு காலி நாற்காலியாகக்கூட இருக்கலாம். ஒரு நாள் மாலை, குடும்பமாக அமர்ந்து அதை எடுத்துப் பாருங்கள். எடுத்தவரிடம், "இதை எடுத்தபோது யாரை நினைத்தாய்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி ஒன்றாகச் செபியுங்கள்.

அன்று நாம் கொண்டுபோக முடியாத பூவை இன்றாவது கொண்டுபோவோம்.